குரலின் வர்க்கம்: யப்பானிய அனிமேயின் ஆங்கிலக் குரல்மாற்றும் இரசிகர் எதிர்வினையும்

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரப்படங்களை ஆங்கில மொழிவழி நுகர்வோரிடையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விவாதம் நிகழ்ந்து வருகின்றது. யப்பானியக் குரல்களைக் கேட்டபடி ஆங்கில உபதலைப்புகளை வாசிப்பதா, அன்றி ஆங்கில நடிகர் பேசும் டப்பிங் வடிவத்தைப் பார்ப்பதா என்பதே அவ்விவாதம். மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது ஓய்வுநேரச் சுவை பற்றிய சிறு பிணக்காகத் தோன்றலாம். ஆயின், எந்தக் குரல் 'செயற்கையானது', எந்த உச்சரிப்பு 'எரிச்சலூட்டுவது', எது 'இயல்பானது' என இரசிகர் வழங்கும் தீர்ப்புகளைத் தொகுத்து நோக்கினால், அவை சுவையை மாத்திரம் பற்றியன அல்ல என்பது புலனாகும். மொழிக்குள்ளே வர்க்கமும் பிரதேசமும் எவ்வாறு பதிந்துள்ளன, அப்பதிவைக் கேட்கும் செவி எவ்வாறு பயிற்றப்பட்டுள்ளது என்னும் வினாக்களுக்கு அவை நம்மை இட்டுச்செல்கின்றன. வெகுசனப் பண்பாட்டுப் பொருள்களை ஆய்வுக்குத் தகாதன என ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவ்வழக்கத்தை இங்கு விவாதிக்கப் போவதில்லை, விடயத்துக்கே செல்வோம்.

1990களில் ஐக்கிய அமெரிக்காவில் அனிமே பெரும்பாலும் வீடியோ நாடாக்கள் வாயிலாகவே விற்பனையாயிற்று. ஒரே படத்தின் டப்பிங் நாடாவும் உபதலைப்பு நாடாவும் தனித்தனியே விற்கப்பட்டன. உபதலைப்பு நாடா பெரும்பாலும் விலை கூடியதாய் இருந்தது. எழுதுவித்து அச்சேற்றும் செலவு நடிகரை அமர்த்திப் பதிவு செய்யும் செலவிலும் பார்க்கக் குறைவாயிருந்தும் விலை மட்டும் ஏறியே நின்றது. உபதலைப்பை நாடுவோர் தொகையிற் குறைந்தோர், ஆனால் கூடுதல் பணம் செலுத்த ஆயத்தமானோர் என்பதை வணிகர் அறிந்திருந்தனர். பல்கலைக்கழக மாணவர் கழகங்களும் ஆர்வலர் குழுக்களும் தாமே மொழிபெயர்த்து நாடாக்களைப் பரிமாறிக்கொண்டமையும் இக்காலத்ததே. ஆகவே உபதலைப்பு விருப்பம் என்பது தொடக்கத்திலிருந்தே கல்வியாலும் வசதியாலும் வரையறுக்கப்பட்ட ஒரு குழுவின் அடையாளச் சின்னமாயிற்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சுவை என்பது வர்க்கங்கள் தம்மைப் பிரித்துக் காட்டும் கருவி என விளக்கியமை ஈண்டு நினைவுகூரத் தக்கது. டி.வி.டி. தட்டு வந்து இரு வடிவங்களையும் ஒன்றாகவே தந்தபோது பொருளியல் அடிப்படையில் இப்பிணக்கு அடங்கியிருத்தல் வேண்டும். அது முற்றாக அடங்கவில்லை. அடையாளச் சின்னங்கள் அவற்றைத் தோற்றுவித்த காரணத்துக்குப் பின்னரும் வாழ்வன.

யப்பானிய மூலத்தின் பக்கம் நிற்கும் இரசிகர் கூறும் தலையாய நியாயம் 'உணர்ச்சி' பற்றியது. மூல நடிகரின் குரலில் உண்மையான உணர்ச்சி உண்டு, ஆங்கிலக் குரலில் அது இல்லை என்பர். இவ்வாறு கூறுவோருட் பெரும்பாலானோர் யப்பானிய மொழி அறியாதோர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அறியாத மொழியில் ஒருவர் பேசுங்கால் நாம் கேட்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாத்திரமே. சொல் எவ்வூருக்குரியது, பேசுபவர் யார் வீட்டுப் பிள்ளை, எசமானிடம் பேசும்போது குரல் எவ்வாறு குனிகின்றது என்பன நம் செவிக்கு எட்டா. அறியாமையினால் தூய்மை பெற்ற ஒலியே 'மூலம்' என்னும் பெயரால் வழிபடப்படுகின்றது. பண்டத்திலே அதனை ஆக்கிய மனித உழைப்பும் உறவுகளும் மறைந்துபோக, பொருளே தனக்கென ஓர் ஒளி உடையதுபோற் தோன்றும் என மார்க்ஸ் விளக்கிய பண்டமாயையின் ஒரு வடிவமே இது. மூலக் குரலைக் கேட்பதில் தவறேதும் இல்லை. அக்குரல் சமூகத்துக்கு அப்பாற்பட்டது எனக் கொள்வதே தவறு.

யப்பானிய மொழியோ வர்க்க, பிரதேச வேறுபாடுகள் நிறைந்தது. மெய்ஜி ஆட்சிக் காலத்தில், தேசிய அரசும் தேசியச் சந்தையும் உருவாகிய சூழலில், 1895ஆம் ஆண்டளவில் உவேதா கஸுதோஷி என்னும் மொழியியலாளர் பொதுத் தரமொழி ஒன்றின் தேவையை வலியுறுத்தினார். ரோக்கியோ நகரின் கல்விகற்ற மத்தியதர வகுப்பாரின் பேச்சே அதற்கு அடிப்படையாயிற்று; பாடநூல்களும் பின்னர் வானொலியும் அதனைப் பரப்பின. ஏனைய வழக்குகள் திருத்தப்பட வேண்டிய பிழைகளாயின. ஒகினாவாப் பள்ளிகளிலே தம் மொழியிற் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மரப்பலகை மாட்டித் தண்டித்த வரலாறு நன்கறியப்பட்டது. ஒசாகாப் பல்கலைக்கழக மொழியியலாளர் கின்சுயி சத்தோஷி 2003இல் வெளியிட்ட நூலிலே, புனைகதைகளிலும் சித்திரக்கதைகளிலும் வரும் முதியவர், விஞ்ஞானி, சீமாட்டி, நாட்டுப்புறத்தார் முதலானோர்க்கென நிலைபெற்றுவிட்ட பேச்சு வகைகளைப் 'பாத்திர மொழி' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். உண்மையில் எவரும் அவ்வாறு பேசுவதில்லை; ஆயினும் கேட்டவுடனே பாத்திரத்தின் வகை விளங்கிவிடும். வடகிழக்கே தோஹொக்கு வட்டார வழக்கின் சாயல் பெற்ற பேச்சு இவற்றுள் நாட்டுப்புறத்தானுக்கு உரியதாயிற்று. மார்கரெட் மிச்சலின் 'கோன் வித் த விண்ட்' நாவலை யப்பானியத்துக்குப் பெயர்த்தபோது கறுப்பின அடிமைகளின் வாயிலே இப்போலித் தோஹொக்குப் பேச்சு வைக்கப்பட்டமையை மொழியியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அமெரிக்கத் தோட்ட அடிமையின் பேச்சுக்கு யப்பானியக் குடியானவனின் பேச்சு சமன் எனக் கொள்ளப்பட்டது. மொழிபெயர்ப்பில் சமன் காண்பது அகராதி வேலை மாத்திரமன்று. ஒரு சமூகத்தின் அடித்தளத்தை மற்றொன்றின் அடித்தளத்தோடு பொருத்துவதும் அதனுள் அடங்கும்.

இப்பின்னணியில் 'டிராகன் போல்' தொடரின் நாயகன் கோக்குவை நோக்குதல் பயனுடையது. மலைக்காட்டிலே வளர்ப்புத் தாத்தாவால் வளர்க்கப்பட்டவன் அவன். தன்னைச் சுட்டும்போது 'ஒரா' என்னும் நாட்டுப்புறத் தன்மைப் பெயரையே வளர்ந்த பின்னரும் வழங்குகின்றான். அண்டத்தையே காக்கும் வீரன் பட்டிக்காட்டான் பேச்சை விடாதவன் என்பது தொரியாமா அகிராவின் படைப்பிலே உள்ள அடிப்படை நகை. அதனை நகை என்று மட்டுங் கூறுவதும் போதாது. 1986 தொடக்கம் அவனுக்குக் குரல் வழங்கிவரும் நொஸாவா மசாக்கோ 1936இற் பிறந்த பெண்மணி. ஆங்கில வடிவத்திலே அந்நாட்டுப்புறப் பேச்சு முற்றாக நீக்கப்பட்டது. தடித்த ஆண்குரலும் பிழையற்ற பொது அமெரிக்க உச்சரிப்பும் அவனுக்குக் கிடைத்தன. நீதியையும் நன்மையையும் காப்பவன் எனத் தன்னைத்தானே பிரகடனஞ் செய்யும் வசனங்களும் சேர்க்கப்பட்டன. குடியானவப் பிள்ளை அமெரிக்கச் சித்திரக்கதைகளின் மாவீரன் ஆயினான். வியப்பிற்குரியது யாதெனில், டப்பிங்கின் குறைகளை நுணுகி நுணுகிக் கூறிய இரசிகர் இவ்விழப்பை மிக அருமையாகவே குறிப்பிட்டனர் என்பதாகும். மாறாக, ஆங்கிலக் குரலிற் பழகியோர் நொஸாவாவின் குரலைக் கேட்டு, வளர்ந்த ஆண்மகனுக்குக் கிழவியின் குரலா என்றே முறையிட்டனர். பாலினம் உடனே செவியில் உறுத்தியது, வர்க்கம் உறுத்தவில்லை.

வர்க்கம் உறுத்திய இடங்களும் உண்டு. அவற்றுள் மிகச் சுவையானது அஸுமா கியோஹிகோவின் 'அஸுமங்கா டையோ'. 1999 முதல் 2002 வரை சித்திரக்கதையாக வெளிவந்த இப்படைப்பு 2002இல் அனிமேத் தொடராயிற்று. ரோக்கியோ உயர்பள்ளி ஒன்றுக்கு ஒசாகாவிலிருந்து கசுகா அயுமு என்னும் மாணவி மாற்றலாகி வருகின்றாள். வகுப்புத்தோழி ஒருத்தி அவள் விருப்பத்தைக் கேளாமலே 'ஒசாகா' எனப் பட்டப்பெயர் சூட்ட, அதுவே நிலைத்துவிடுகின்றது. ஒசாகா வணிகரின் நகரம். அப்பிரதேசத்துக் கன்சாய் வழக்குப் பேசுவோர் வாயாடிகள், பணத்திற் குறியானவர்கள், நகைச்சுவையிற் கைதேர்ந்தவர்கள் என்னும் படிமம் யப்பானிலே பரவலானது. 1912இல் ஒசாகாவிலே தோன்றிய யொஷிமொத்தோ கோக்யோ போன்ற கேளிக்கை நிறுவனங்கள் இருவர் உரையாடும் மன்சாய் நகைச்சுவையைச் சந்தைப்படுத்திய வரலாற்றுக்கும் இப்படிமத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் நம் அயுமுவோ மந்தமானவள், கனவிலே மிதப்பவள், கேள்விக்கு விடை கூறுமுன் வேறெங்கோ போய்விடுபவள். பேச்சு ஒன்று, ஆள் வேறு. வழக்கைக் கேட்டு ஆளைத் தீர்மானிக்கும் தோழியரின் எதிர்பார்ப்பு ஒவ்வொரு முறையும் பொய்க்கின்றது. பாத்திர மொழியை வைத்தே பாத்திர மொழியைக் கேலி செய்யும் உத்தி இது.

ரெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் இயங்கிய ஏ.டி.வி. ஃபிலிம்ஸ் நிறுவனம் இத்தொடரை ஆங்கிலமாக்கியபோது அயுமுவுக்கு அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பை வழங்கியது. அதே நிறுவனத்தின் சித்திரக்கதை மொழிபெயர்ப்பில் அவள் நியூயோர்க்கின் புரூக்ளின் பக்கத்துப் பேச்சுப் பேசினாள். ஒரே பாத்திரம், ஒரே நிறுவனம், இரு உச்சரிப்புகள். இரசிகர் எதிர்வினையை இங்கு கூர்ந்து அவதானித்தல் வேண்டும். தென்மாநிலக் குரல் பெரும் வரவேற்பைப் பெற்றது. டப்பிங்கை வெறுப்போரும் விதிவிலக்காக ஏற்கும் குரல்களுள் ஒன்றாயிற்று. 'அவளுக்கு எவ்வளவு பொருத்தம்!' என்பதே பாராட்டின் சாரம். புரூக்ளின் பேச்சோ 'பொருந்தவில்லை' எனப் பலராற் குறைகூறப்பட்டது.

பொருத்தம் என்பதிலேதான் சிக்கல் உள்ளது. அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சுக்கு அந்நாட்டு வெகுசனச் சாதனங்கள் கற்பித்த பொருள் யாது? மெதுவானவர், வெகுளி, உலகம் அறியாதவர் என்பதே. 1962 முதல் 1971 வரை ஒளிபரப்பாகிய 'பெவர்லி ஹில்பிலிஸ்' போன்ற தொடர்கள் இப்படிமத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் நெடுங்காலம் வறுமையிலும் கூட்டுப்பயிர்ச் செய்கை முறையிலும் அழுந்திக்கிடந்த ஒரு பகுதியின் பொருளாதாரப் பின்னடைவு, அங்குள்ள மக்களின் அறிவுப் பின்னடைவாக உருமாற்றப்பட்டமையே இதன் வரலாறு. ஆகவே மந்தமான பெண்ணுக்குத் தென்மாநிலப் பேச்சை வழங்கியபோது பேச்சும் ஆளும் ஒன்றாயின. மூலத்திலே இருந்த முரண் மறைந்தது. வழக்கைக் கேட்டு ஆளைத் தீர்மானிப்பது தவறு என்று காட்டிய பாத்திரம், அவ்வாறு தீர்மானிப்பது சரியே என்று காட்டும் பாத்திரமாயிற்று. வேகமும் வாய்வீச்சும் உடையதெனக் கருதப்படும் புரூக்ளின் பேச்சு, மூலத்தின் முரணை ஓரளவு காத்தது. இரசிகர் 'பொருந்தவில்லை' என்றது மெய்தான். பொருந்தாமையே படைப்பின் நோக்கம். விமரிசன நோக்கில் இரண்டனுள் சிறந்த மொழிபெயர்ப்பு எது எனக் கேட்பின், இரசிகர் நிராகரித்ததே என்று தயக்கமின்றிக் கூறுவேன். குரல் வழங்கிய நடிகையின் திறமையை இது குறைக்காது. அவருடைய மென்மையான நிதானம் இல்லாவிடின் அப்பாத்திரம் வெறும் கேலிப்பொருளாய் முடிந்திருக்கும்.

புரூக்ளின் பேச்சுக்கு வேறிடங்களில் நேர்ந்த கதியையும் இத்துடன் சேர்த்து நோக்கலாம். 1995இல் வட அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த 'சைலர் மூன்' தொடரிலே நாயகிக்கும் அவள் படையினர்க்கும் பொது உச்சரிப்பு; மந்திரசக்தி ஏதுமற்ற சாதாரணத் தோழிக்கு மட்டும் புரூக்ளின் உச்சரிப்பு; அறிவுரை கூறும் கரும்பூனைக்குப் பிரித்தானிய உச்சரிப்பு. நியூயோர்க்கின் ஃபோர் கிட்ஸ் நிறுவனம் 2004இல் 'வன் பீஸ்' தொடரை வெளியிட்டபோது கப்பற் சமையற்காரன் சஞ்சிக்கு அதே உச்சரிப்பை அளித்தது. அவன் வாயிலிருந்த சிகரெட் குச்சிமிட்டாயாக மாற்றப்பட்டமை இன்றுவரை இரசிகரின் நகைப்புக்கு உரியதாயுள்ளது. இவ்விரு பாத்திரங்களின் குரல்களும் 'காதைப் பிளப்பவை' எனப் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. கண்டனத்தில் நியாயமும் உண்டு. அவ்வெளியீடுகள் பல்வகையிற் கத்தரிக்கப்பட்டவை. விளம்பரக்காரரின் விருப்புக்கேற்பத் திரிக்கப்பட்டவை. எனினும், வெட்டியும் ஒட்டியும் சிதைத்த நிறுவனத்தின்மேல் எழவேண்டிய சினம் எளிதிலே துறைமுகத் தொழிலாளியின், கடைச்சிப்பந்தியின் உச்சரிப்பின்மேல் திரும்பிவிடுகின்றது. வில்லியம் லபோவ் 1966இல் வெளியிட்ட ஆய்வு இங்கு உதவும். நியூயோர்க்கின் மூன்று பெருங்கடைகளிலே, 'நான்காம் மாடி' என்னும் விடை வரத்தக்க வினாவை அவர் ஊழியரிடம் கேட்டார். செல்வந்தர் நாடும் கடையில் 'ர்' ஒலி கூடுதலாகவும் மலிவுவிலைக் கடையில் மிகக் குறைவாகவும் ஒலித்தது. ஒரு மெய்யெழுத்திலே வர்க்கம் குடியிருந்தது. அவ்வெழுத்தை விழுங்கும் பேச்சையே இரசிகர் செவி 'எரிச்சல்' என உணர்கின்றது.

சித்திரப்படங்களில் இது புதியதன்று. ரொசினா லிப்பி-கிறீன் 1997இல் வெளியிட்ட நூலிலே, டிஸ்னி நிறுவனத்தின் முழுநீளச் சித்திரப்படங்களில் உச்சரிப்பும் பாத்திரத்தின் நன்மை தீமையும் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அப்படங்களிற் பழகிய பிள்ளைகளே பின்னர் அனிமே இரசிகராயினர்.

பிரித்தானிய உச்சரிப்பு வேறொரு வகையானது. விக்ரோறியா காலத்து இலண்டனிலே நிகழும் 'பிளாக் பட்லர்' தொடரை ரெக்ஸாஸ் நடிகர் பிரித்தானிய உச்சரிப்பிற் பேசினர். 'இது உண்மையான பிரித்தானியப் பேச்சன்று' எனக் குறைகூறல்கள் எழுந்தன. இங்கு இரசிகர் கோரியது உச்சரிப்பை நீக்குமாறு அன்று; மேலும் திருத்தமாக வழங்குமாறே. கோமகனின் உச்சரிப்புப் பிழைத்தால் அது நடிகரின் குறை. தோழியின் உச்சரிப்பு ஒலித்தால் அவ்வுச்சரிப்பே குறை. இரு எதிர்வினைகளுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு பலவற்றை உணர்த்துகின்றது.

'உச்சரிப்பு இல்லாத குரல் வேண்டும்' என்பது இவ்விரசிகரிடம் அடிக்கடி கேட்கும் கோரிக்கை. அவ்வாறானதொரு குரல் உலகில் இல்லை. உச்சரிப்பற்றது என அவர்கள் கருதுவது பொது அமெரிக்க உச்சரிப்பு. வானொலி, தொலைக்காட்சி வலையமைப்புகள் தம் அறிவிப்பாளரிடம் எதிர்பார்த்துப் பயிற்றுவித்த, கல்விகற்ற மத்தியதர வகுப்பாரின் பேச்சு. ஆதிக்கம் பெற்ற பேச்சு தன் பிறப்பிடத்தை மறைத்துக்கொண்டு பேச்சின் இயல்பு நிலையாகவே தோன்றுவது, ஆதிக்க வர்க்கம் தன் நலனை எல்லோரின் நலனாகத் தோன்றச் செய்வதற்கு ஒப்பானது. வலொஷினொவ் 1929இல் வெளியிட்ட நூலிலே, மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களம் என்றும், ஆளும் வர்க்கம் அக்குறியை ஒரே தொனியுடையதாக்க முனையும் என்றும் விளக்கினார். அவர் தொனி என்றது சமூக மதிப்பீட்டின் அழுத்தத்தை; நாவின் ஒலிப்பை அன்று. ஆயினும் டப்பிங் கூடத்திலே இவ்விரண்டும் ஒன்றுகூடுகின்றன. டலஸ் நகரை அண்டிய ஒலிப்பதிவுக் கூடங்களிலே, தென்மாநிலப் பேச்சு சூழ்ந்து ஒலிக்கும் ஊரில், அப்பேச்சின் சாயல் படியாத பொது உச்சரிப்பே நாள்தோறும் பதிவாகின்றது. ஊரின் பேச்சு அங்கு நுழைவது, நகைப்புக்குரிய பாத்திரம் ஒன்று அதனை வேண்டும்போது மட்டுமே.

1960களின் முற்பகுதியில் ஈழத்திலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை அறிந்தோர்க்கு இக்குரல் பழக்கமானது. மண்வாசனைப் பேச்சைக் கதையிலே கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்மேல் வீசப்பட்ட 'இழிசனர் வழக்கு' என்னும் சொல்லை நாம் மறந்துவிடவில்லை. ஆயின் அங்கு எழுத்தாளர் தம் மக்களின் பேச்சைத் தாமே தெரிந்து எழுதினர். இங்கோ பேச்சைத் தெரிவது நிறுவனம். இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு ஒப்புமையை நீட்டுதல் பொருந்தாது.

உச்சரிப்பைத் துணிவாகக் கையாண்ட டப்பிங் எதுவும் இல்லையா எனின், உண்டு. மியசாக்கி ஹயாவோவின் 'இளவரசி மொனொனோக்கே' 1999இல் மிராமக்ஸ் வாயிலாக, நீல் கெய்மனின் ஆங்கில வசனத்துடன் வெளியாயிற்று. அதிலே அரசவைக்காகக் கள்ளத்தனமாகக் காரியமாற்றும் துறவிக்கு ஆர்க்கன்சோவைச் சேர்ந்த பில்லி பொப் தோர்ன்ரன் குரல் வழங்கினார். மத்தியகால யப்பானியத் துறவி அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தவன்போற் பேசுகின்றானே என்பது பலரின் குறை. எனக்கோ அப்படத்தின் ஆங்கிலக் குரல்களுள் சமூக உயிர் பெற்றது அதுவே எனத் தோன்றுகின்றது. சமயப் போர்வையிலே பேரம் பேசும் ஊர்சுற்றியின் நயவஞ்சகத்தை அவ்வுச்சரிப்பு உடன் உணர்த்துகின்றது. தென்மாநிலத்தான் என்றால் வெகுளி என்னும் படிமம் அங்கே தலைகீழாகின்றது. ஏறக்குறைய எல்லோராலும் போற்றப்படும் ஆங்கில வடிவமான 'கவ்போய் பீபொப்' வேறு காரணத்தால் வென்றது. பல இனத்தவர் கலந்து வாழும் எதிர்காலம், ஜாஸ் இசை, அமெரிக்கத் துப்பறிகதை மரபு ஆகியவற்றால் ஆன அத்தொடர் ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தது. ஸ்ரீவ் புளும் முதலானோரின் நடிப்பைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. எனினும் 'மூலத்திலும் சிறந்தது' என்னும் புகழுரையிலே மூலத்தின் அந்நியத்தன்மை குறைவாயிருந்தமையின் பங்கும் உண்டு.

இதுவரை செவியை நோக்கினோம். இனி வாயை நோக்குதல் வேண்டும். 'டிராகன் போல் ஸீ' தொடர் 1996இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது கனடாவின் வான்கூவர் நகர நடிகர் குரல் வழங்கினர். நிதியளித்த பங்காளி நிறுவனம் விலகிய பின்னர், ஃபனிமேஷன் நிறுவனம் செலவைக் குறைக்கும் பொருட்டு ரெக்ஸாஸிலே தன் சொந்தக் கூடத்தில் உள்ளூர் நடிகரை வைத்து 1999 முதல் தொடர்ந்தது. ஒரு வாரம் கேட்ட குரல் மறுவாரம் இல்லை. இரசிகர் கொதித்தெழுந்தனர், புதியவர்கள் பழையவரைப் போலி செய்வோர், திறமையற்றோர் எனத் தூற்றப்பட்டனர். சில ஆண்டுகள் சென்றபின் அதே ரெக்ஸாஸ் குரல்களே 'உண்மையான' குரல்கள் ஆயின. அவற்றோடு வளர்ந்த தலைமுறை வான்கூவர்க் குரல்களைக் கேட்டு முகஞ்சுளித்தது. உண்மை என்பது முதலிற் கேட்டதன் பெயர் எனக் கூறிவிடலாம். ஆயின் அவ்வளவில் நின்றுவிட்டால் ஒன்றைத் தவறவிடுவோம். நடிகரை மாற்றியது அழகியல் முடிவன்று, கூலி முடிவு. இரசிகரின் கோபம் முழுவதும் மாற்றத்தின் காரணரை விட்டுவிட்டு, மாற்றாக வந்து நின்ற குறைந்த கூலித் தொழிலாளர்மேலேயே விழுந்தது.

ரெக்ஸாஸ் மாநிலத்திலே 1947 முதல் 'வேலைசெய்யும் உரிமை' எனப் பெயரிய சட்டம் நடைமுறையில் உள்ளது. தொழிற்சங்க உறுப்புரிமையையோ சந்தாவையோ வேலைக்கு நிபந்தனையாக்குவதைத் தடைசெய்து சங்கங்களின் பலத்தைக் குறைக்கும் இச்சட்டத்துக்கு இப்பெயரிட்டவரின் நகைச்சுவையுணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். அனிமே டப்பிங் அங்கே வேரூன்றியமைக்குச் சங்கமற்ற மலிவுழைப்பும் ஒரு காரணம். 2017இல் யப்பானின் சோனி குழுமம் ஃபனிமேஷனின் 95 சதவீதப் பங்கை 143 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2021இல் கிறஞ்சிரோல் நிறுவனத்தை 1.175 பில்லியன் டொலருக்கு வாங்கி, மறு ஆண்டிலே இரண்டையும் ஒரு பெயரின்கீழ் இணைக்கத் தொடங்கியது. அதே குழுமத்துக்கு யப்பானிலே அனிப்பிளெக்ஸ் என்னும் தயாரிப்பு நிறுவனமும் உண்டு. தூய யப்பானிய மூலம் ஒருபுறம், அதனைக் கெடுக்கும் அமெரிக்க வணிகம் மறுபுறம் என உபதலைப்பு விரும்பிகள் வரைந்த படம் இவ்விடத்திலே கிழிகின்றது. மூலமும் நகலும் ஒரே மூலதனத்தின் இரு பிரிவுகள். டப்பிங்கை அமெரிக்கப் பண்பாட்டு ஏகாதிபத்தியம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் இடதுசாரி நண்பரும் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

2022இல் இரு நிகழ்ச்சிகள் திரையை விலக்கின. வட அமெரிக்கத் திரையரங்குகளில் 30 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டிய 'ஜுஜுட்சு கைசென் 0' படத்தின் ஆங்கில வடிவிலே முக்கிய பாத்திரம் ஒன்றுக்குக் குரல் வழங்கிய நடிகை, தமக்குக் கிடைத்தது 150 டொலரே எனப் பகிரங்கமாகக் கூறினார். அவ்வாண்டு செப்டெம்பரில், 'மொப் சைக்கோ 100' தொடரின் நாயகனுக்கு இரு பருவங்களிலே குரல் வழங்கிய கைல் மக்கார்லி, மூன்றாம் பருவத்தில் தாம் மாற்றப்படக்கூடும் என அறிவித்தார். அவர் கேட்டது கூலியுயர்வுகூட அன்று. இம்முறை சங்க ஒப்பந்தம் இன்றியே பணிபுரியத் தயார். எதிர்கால ஒப்பந்தம் பற்றி நடிகர் சங்கத்துடன் ஒருமுறை பேசுங்கள் என்பதே அவர் கோரிக்கை. நிறுவனம் இணங்கவில்லை, வேறொருவர் பேசினார்.

இரசிகர் இங்கு இருவகைப்பட்டனர். ஒரு சாரார் பழைய பாணியிலேயே குரல் மாறியதால் தம் அனுபவம் கெட்டது என முறையிட்டனர். மற்றொரு சாரார் நிறுவனத்தைக் கண்டித்தனர், சந்தாவை நிறுத்துவோம் என்றனர், நடிகரின் கூலி பற்றியும் சங்கம் பற்றியும் பேசலாயினர். இரண்டாவது சாராரை மிகைப்படுத்தி மதிப்பிடவேண்டியதில்லை. சந்தா நிறுத்தம் நுகர்வோரின் ஆயுதம், அதன் எல்லை குறுகியது. எனினும் 1999இல் மாற்று நடிகரைத் தூற்றிய அதே வகை இரசிகர் கூட்டத்திலே, 2022இல் 'ஏன் மாற்றினர்?' என்னும் வினா எழுந்தது. குரலின் பின்னே உழைப்பாளி ஒருவர் உள்ளார் என்னும் பிரக்ஞை சுவை விவாதத்தின் ஊடாகவே அரும்பியுள்ளது. குரலின்மேற் கொண்ட பற்று மூலம்/நகல் என்னும் வழிபாட்டிலே தேங்கவும் கூடும். அக்குரலின் உரிமையாளரோடு தோழமை கொள்ளவும் கூடும். எது நிகழும் என்பதை அப்பற்று தானாகவே தீர்மானிப்பதில்லை.

மூல நடிகரை வழிபடுவோர் அவர்களின் வரலாற்றையும் அறிந்திருத்தல் தகும். யப்பானியக் குரல் நடிகர் 1973ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே ஒருநாள் வேலைநிறுத்தஞ் செய்து வீதியில் இறங்கினர். அதன் பயனாக அவர்களின் கூலி ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. இரசிகர் 'தெய்வீகக் குரல்' எனப் போற்றும் தொழிலுக்கு இவ்வாறான பின்னணி உண்டு. 2024 ஒக்டோபரில் அந்நாட்டுக் குரல் நடிகர் பலர், தம் குரலை அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஊட்டுவதற்கு எதிராகக் கூட்டாகக் குரல் எழுப்பினர்.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று என்பதை 2025இன் இறுதி காட்டியது. அமேசன் நிறுவனம் தன் இணையவழி ஒளிபரப்பிலே 'பனானா ஃபிஷ்' உள்ளிட்ட சில அனிமேக்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஆங்கிலக் குரல்களைச் சேர்த்தது. 2018இல் வெளியான இத்தொடருக்கு அதுவரை ஆங்கில டப்பிங் இருந்ததில்லை. நியூயோர்க் தெருக்களிலே வளர்ந்து, விற்கப்பட்டு, தப்பியோடும் இளைஞரின் கதை அது. எந்தத் தெரு, எந்தக் குடியேறியின் மகன், எவ்வளவு பள்ளிப்படிப்பு என்பதையெல்லாம் உச்சரிப்பு சொல்லத்தக்க கதை. நடிகர் கையில் கிடைத்திருப்பின், இக்கட்டுரையிற் பேசிய சிக்கல்கள் யாவும் அங்கே முழு வீச்சில் எழுந்திருக்கும். இயந்திரம் தந்ததோ அழுகைக்கும் அதட்டலுக்கும் வேறுபாடற்ற, எத்தெருவுக்கும் உரியதல்லாத ஒலி. பல்லாண்டுகளாக இரசிகர் கேட்டுவந்த 'உச்சரிப்பு இல்லாத குரல்' ஒருவாறு கிடைத்துவிட்டது. குரல் நடிகரும் இரசிகரும் ஒருங்கே எதிர்த்தனர்; சில நாள்களுள் அவ்வாங்கிலக் குரல்கள் நீக்கப்பட்டன.